கொலையாளி யார் என்று முதலிலேயே தெரியும்!

ஜப்பான் டெலிவிஷனில் வந்த கறுப்பு உடைத் துப்பறிவாளர்

கொலை நடக்கிறது.

கொன்றவரின் முகம் பளிச்சென்று தெரிகிறது. அவர் யார், எதற்காகக் கொன்றார், எப்படிக் கொன்றார், தடயத்தை எப்படி மறைத்தார்? எல்லாம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்து விடுகிறது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம்தான் கதையே இருக்கிறது!

ஒரு மனிதர் வருகிறார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. நீண்ட முடி. மெதுவான நடை. மிக மரியாதையான பேச்சு. அவரிடம் துப்பாக்கி கிடையாது. சில சமயம் சைக்கிளில் வந்து இறங்குவார். கொலையாளிக்கு வணக்கம் சொல்வார். "தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். ஒரு சின்ன சந்தேகம்" என்கிற தோரணையில் பேச்சைத் தொடங்குவார்.

அந்தச் சின்ன சந்தேகம், கடைசியில் கொலையாளியின் கழுத்துக்குச் சுருக்காக வந்து நிற்கும்.

அவர் பெயர் புருஹாடா நின்சாபுரோ. டோக்கியோ போலீசில் உதவி இன்ஸ்பெக்டர். நிஜ மனிதர் அல்ல, கதாபாத்திரம். 1994-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானின் புஜி டெலிவிஷனில் முதல் முதலாக வந்தார். 2006-ம் ஆண்டு ஜனவரியில் விடை பெற்றார். தொடருக்கும் அவர் பெயர்தான்.

தொடர் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்றாலும், துப்பறியும் கதையில் ஆசை உள்ள எந்தக் குடும்பமும் இன்று புதிதாக உட்கார்ந்து பார்க்கலாம். பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வெள்ளைக் காகிதம்

முதல் கதையையே பாருங்கள்.

ஒரு பெண். இளம் பெண்கள் விரும்பிப் படிக்கும் சித்திரக் கதைகளை வரைகிறவள். புகழ் பெற்றவள். அவளுக்கு ஒரு காதலன். அவன் அவளை ஏமாற்றி விட்டான். மலைப் பக்கத்தில் அவளுக்குத் தனி பங்களா ஒன்று இருக்கிறது. அதன் நிலவறையில் காற்றுப் புகாத ஓர் அறை. அவனை அதற்குள் வைத்துப் பூட்டி விடுகிறாள். அவன் மூச்சு முட்டிச் சாகிறான்.

சில நாள் கழித்து, ஒன்றும் தெரியாதவள்போல் அவள் பங்களாவுக்குத் திரும்பி வருகிறாள். வெளியே புயல் மழை. வழியில் கார் நின்றுபோனதால் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் புருஹாடா. மற்றவர் அவருடைய உதவியாளர் இமாய்சுமி.

செத்தவன் பக்கத்தில் ஒரு காகிதம் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. சாவதற்கு முன் எழுத அவனுக்கு நேரமும் இருந்தது. "என்னைக் கொன்றது இவள்தான்" என்று எழுதி வைத்திருக்கலாமே!

ஆனால் காகிதத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம்!

ஏன்?

அந்த "ஏன்" தான் கதை முழுவதும். விடையை இங்கே சொன்னால் பாவம். ஆனால் ஒன்று சொல்லலாம். விடை வரும்போது "அட, இது நமக்குத் தோன்றவில்லையே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வீர்கள். அவ்வளவு எளிது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் அகினா நகமோரி. ஜப்பானில் பெரும் புகழ் பெற்ற பாடகி. அவளைப் பார்த்தால் வெறுப்பு வராது. பரிதாபம் வரும். புருஹாடாவும் அவளிடம் கடுமையாகப் பேசுவதில்லை. குற்றத்தை நிரூபித்த பிறகு, இனி வாழப்போகும் வாழ்க்கைக்குத் தைரியம் சொல்லுகிறார். கொலைகாரியைப் பிடித்த போலீஸ்காரர் இப்படிப் பேசுவதை எங்கே பார்க்க முடியும்?

விளக்கு அணைகிறது

ஒவ்வொரு கதையிலும் ஒரு கட்டம் வரும். அதற்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு.

புருஹாடா எல்லாவற்றையும் கண்டுபிடித்து விடுகிறார். சட்டென்று சுற்றிலும் இருட்டு. அவர் மீது மட்டும் வெளிச்சம். அவர் திரும்பி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்தே பேசுகிறார். எனக்குத் தெரிந்துவிட்டது; நான் பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்தீர்கள்; உங்களுக்குத் தெரிந்ததா? இதுதான் அந்தப் பேச்சின் சாரம். முடிவில் தம் பெயரைச் சொல்லி விடைபெறுவார். விளக்கு மறுபடி எரியும். மடிப்புக் கலையாமல் உண்மை விரியும்.

இது ஏமாற்று வேலை அல்ல. துப்பு எல்லாம் நம் கண் முன்னாலேயே கிடந்திருக்கும். கொலையாளி சொன்ன ஒரு வார்த்தை, கையில் எடுத்த ஒரு பொருள், எடுக்காமல் விட்ட ஒரு பொருள். நாம் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

யார் எழுதியது?

எழுதியவர் கோகி மிடானி. 1961-ல் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 32. நாடகக்காரர். "டோக்கியோ சன்ஷைன் பாய்ஸ்" என்ற நாடகக் குழுவை நடத்தியவர். சிரிப்பு நாடகம் எழுதுவதில் கெட்டிக்காரர். தொடரில் கொலைக்கு நடுவே சிரிப்பும் வருவது அதனால்தான். பிற்காலத்தில் சரித்திரத் தொடர்களும் சினிமாப் படங்களும் எடுத்துப் பெரும் பெயர் வாங்கினார்.

கொலையாளியை முதலிலேயே காட்டும் முறையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆஸ்டின் பிரீமன் என்ற எழுத்தாளர் 1912-ல் வெளியிட்ட கதைத் தொகுதியிலேயே இந்த முறை இருக்கிறது. பிறகு அமெரிக்க டெலிவிஷனில் "கொலம்போ" என்ற தொடர் வந்தது. (கொழும்பு நகரத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இது ஒரு துப்பறியும் அதிகாரியின் பெயர்!) பீட்டர் பாக் என்ற நடிகர் கசங்கிய மழைக்கோட்டுடன் வந்து பணக்காரக் கொலையாளிகளைத் திணற அடிப்பார். அந்தத் தொடர் 1970-களில் ஜப்பானிலும் ஒளிபரப்பானது. அதைப் பார்த்து மயங்கியவர்களில் மிடானியும் ஒருவர்.

அவர் செய்த மாறுதல் என்ன? கொலம்போ அழுக்குக் கோட்டுக்காரர். புருஹாடா சுத்தமான கறுப்பு உடைக்காரர். கொலம்போ தம்மை முட்டாள்போல் காட்டிக்கொள்வார். புருஹாடா அப்படிச் செய்வதில்லை. அவர் மரியாதையைக் காட்டியே மனிதரை மடக்குகிறார். மரியாதையாகப் பேசுகிறவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? வெளியே போ என்று சொல்ல முடியுமா? முடியாது! கொலையாளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் சொல்லச் சொல்லப் பொய் கூடுகிறது. பொய் கூடக் கூடப் பிடி இறுகுகிறது.

வாள் வீரரின் மகன்

புருஹாடாவாக நடித்தவர் மசகாசு தமுரா. இவருடைய தகப்பனார் பான்டோ சுமசாபுரோ, ஜப்பானின் ஊமைப் படக் காலத்திலேயே வாள் சண்டைப் படங்களில் கொடி கட்டிப் பறந்தவர். அவர் 1953-ல் இறந்தார். அப்போது மசகாசுவுக்கு வயது 9. அண்ணன் தம்பிகளிலும் நடிகர்கள் இருந்தார்கள்.

மசகாசு தமுராவும் இளமையில் வாள் வீரராக நடித்தவர்தான். அழகர் என்று பெயர் எடுத்தவர். புருஹாடா வேடம் வந்தபோது அவருக்கு வயது 50. கையில் வாள் இல்லை. துப்பாக்கி இல்லை. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. வைத்திருந்தது குரல், கண், விரல். யோசிக்கும்போது விரலை நெற்றியில் வைப்பார். "ஏ..." என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார். ஜப்பானில் அதைப் போல் பேசிக் காட்டாத பள்ளிப் பையன் அந்தக் காலத்தில் அபூர்வம்.

2021-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி தமுரா காலமானார். வயது 77.

உதவியாளர் இமாய்சுமியாக நடித்தவர் மசஹிகோ நிஷிமுரா. இவர் மிடானியின் நாடகக் குழுவைச் சேர்ந்தவர். இமாய்சுமி அசடு. அழுவார், உளறுவார், வேலையைக் கெடுப்பார். புருஹாடா அவருடைய அகன்ற நெற்றியில் பட்டென்று தட்டுவார். முதலில் சிரிப்பு வரும். பத்தாவது தடவை, போதுமே என்றும் தோன்றும். ஆனால் சில கதைகளில் துப்புத் துலங்குவதே இமாய்சுமியின் அசட்டுப் பேச்சால்தான்.

சதுரங்கக் காய்

நகமோரியைப் போல, ஒவ்வொரு கதையிலும் கொலையாளியாக வருபவர் ஒரு பெரிய நட்சத்திரம். "இந்த வாரம் கொலையாளி யார்?" என்று ஜப்பானிய ரசிகர்கள் கேட்பார்கள். கதைக்குள் துப்பறிவதற்காக அல்ல. எந்த நட்சத்திரம் வருகிறார் என்று தெரிந்துகொள்வதற்காக!

முதல் ஆண்டில் 12 கதைகள். அவற்றில் ஐந்தாவது கதை, தவற விடக் கூடாத கதை.

ஜப்பானியச் சதுரங்கத்துக்கு "ஷோகி" என்று பெயர். 81 கட்டம். ஆளுக்கு 20 காய். நம் சதுரங்கத்தில் இல்லாத ஒரு விசேஷம் அதில் உண்டு. காய் எதிரியின் எல்லைக்குள் நுழைந்தால், அதைத் திருப்பி வைக்கலாம். பின்பக்கத்தில் வேறு எழுத்து இருக்கும். காயின் பலம் கூடிவிடும்.

பெரிய போட்டிகள் இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் ஆட்டம் நிற்கும்போது, அடுத்து ஆட வேண்டியவர் தமது ஆட்டத்தைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் உறையைப் பிரிப்பார்கள். இரவெல்லாம் யோசித்து ஆட்டத்தை மாற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

கதையில் வரும் ஆட்டக்காரர் என்ன செய்தார்? வெறும் காகிதத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்! ராத்திரி நன்றாக யோசித்து, பிறகு எழுதி மாற்றி விடலாம் என்று திட்டம். போட்டியை நடத்தும் பெரியவர் அதைக் கண்டுபிடித்து விடுகிறார். மானம் போகும் நிலைமை. பெரியவரைக் கொன்று விடுகிறார்.

மறுநாள் ஆட்டம் நடக்கிறது. ஊரே பார்க்கிறது. அவருடைய பலமான காய் ஒன்று எதிரியின் எல்லைக்குள் நுழைகிறது. இப்போது அதைத் திருப்பி வைத்தால் பலம் கூடும். சிறு பிள்ளைகூடத் திருப்பி வைக்கும். அவர் திருப்பவில்லை!

பார்த்தவர்கள் எல்லாம், என்ன நுட்பமான ஆட்டமோ என்று திகைக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் அது ஆட்டமாகத் தெரியவில்லை. அவர் ஷோகி நிபுணர் அல்ல, கறுப்பு உடைக்காரர்.

பேசிக் கெட்டவர்

இரண்டாவது வரிசை 1996 ஜனவரியில் தொடங்கியது. அதன் முதல் கதை, விறுவிறுப்பில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது.

ஒரு வக்கீல். நாக்கு நீளம். நீதிமன்றத்தில் அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சி வக்கீல் நடுங்குவார். தாம் பழகிவந்த பெண்ணைக் கொன்று விடுகிறார். சந்தேகம் வேறு ஒருவர் மீது விழுகிறது. யார் அவர்? நம்முடைய அசடு, இமாய்சுமி!

போலீஸ்காரரே கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறார். அவருக்காக வாதாட வருகிறவர் யார் தெரியுமா? அதே வக்கீல்! கொலை செய்தவரே, கொலை செய்யாதவருக்கு வக்கீல்! வெளியே காப்பாற்றுவதுபோல் பேச்சு. உள்ளே அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தாம் தப்பும் எண்ணம்.

வழக்கமாக நெற்றியில் தட்டிக் கேலி செய்யும் புருஹாடா, இப்போது சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். தன்னோடு வேலை பார்க்கும் ஒரு நிரபராதியின் வாழ்வு அவர் கையில் இருக்கிறது. சைக்கிள் இல்லை, சிரிப்பு இல்லை. வக்கீலுக்கும் அவருக்கும் வார்த்தைச் சண்டை. வக்கீல் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுகிறார்.

வக்கீலாக நடித்தவர் சன்மா ஆகாஷியா. ஜப்பானில் வாய் ஓயாமல் பேசியே பெயர் வாங்கிய நகைச்சுவை நட்சத்திரம். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அதே ஆண்டில் இன்னொரு கதை. ராட்டினத்தில் வெடிகுண்டு. இமாய்சுமி அதில் மாட்டிக்கொள்கிறார். (பாவம், எல்லாம் அவருக்குத்தான்!) குற்றவாளி ஓர் இளைஞன். படித்தவன். நடித்தவர் தகுயா கிமுரா. எதற்காகச் செய்தாய் என்று கேட்டால் அவன் சொல்லும் காரணம் அவ்வளவு அற்பமானது. யாரிடமும் மரியாதை தவறாத புருஹாடா, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுகிறார்! அந்த அறை, நூறு துப்பாக்கிக் குண்டுகளை விடப் பலமாகக் கேட்கிறது.

நிஜ வீரரே கொலையாளி!

2006 ஜனவரி 3, 4, 5 ஆகிய மூன்று நாட்களும் இறுதிக் கதைகள் வந்தன. நடுவில் வந்த கதையில் கொலையாளி யார் தெரியுமா? பேஸ்பால் வீரர் இச்சிரோ! 2004-ல் அமெரிக்காவில் ஒரே பருவத்தில் 262 அடிகள் அடித்துச் சாதனை செய்தவர். அவர் இச்சிரோ என்ற பெயரிலேயே வந்து கொலையாளியாக நடித்தார். புகழின் உச்சியில் இருக்கும் விளையாட்டு வீரர், தம் பெயரிலேயே கொலைகாரனாக நடிக்கச் சம்மதிப்பாரா? அவர் இந்தத் தொடரின் பரம ரசிகர். அதனால் சம்மதித்தார். கதையில் அவர் கொலை செய்கிறார். ஆனால் பொய் சொல்ல மறுக்கிறார். ஆட்டத்தில் நேர்மை வேண்டும் என்பது அவர் கொள்கை!

நடிப்பு எப்படி? நடிகர் அல்லாத ஒருவருக்கு அது தாராளமாகப் போதும்.

கடைசிக் கதையில் நனாகோ மட்சுஷிமா இரட்டைச் சகோதரிகளாக வருகிறார். அதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டாம். பல ஆண்டு பழகிய மனிதரிடம் விடைபெறும் கதை அது. பழகாமல் விடைபெற்றால் சுவை இராது.

குறை இல்லையா?

உண்டு. எல்லாக் கதைகளும் ஒரே தரம் அல்ல. சிலவற்றில் முடிச்சு தளர்ச்சி. "இந்தச் சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்குமா?" என்று கேட்டால் பல கதைகளில் நிற்காது. கொலையாளி "ஆம், நான்தான்" என்று ஒப்புக்கொள்வதால் கதை முடிகிறது. 1999-ல் வந்த மூன்றாவது வரிசையில் ஆர்ப்பாட்டம் கொஞ்சம் கூடுதல். முதல் வரிசையின் அடக்கம் அதில் குறைவு.

காலமும் பழையது. கொலையாளி பேக்ஸ் இயந்திரத்தை வைத்துப் போலீசை ஏமாற்றுகிறார். வானொலி அறிவிப்பாளர் ஒருத்தி, இசைத்தட்டைச் சுழல விட்டு, பாட்டு முடிவதற்குள் ஓடிப்போய்க் கொலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, மூச்சு வாங்காமல் பேசுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், "மூலைக்கு மூலை கேமரா இருக்குமே!" என்பார்கள். அன்று இல்லை என்று சொல்லிப் புரிய வையுங்கள்.

கொலைக் கதையைப் பிள்ளைகள் பார்க்கலாமா? இரத்தக் காட்சிகள் மிகக் குறைவு. ஆபாசம் இல்லை. கொலை நடப்பது என்னவோ நடக்கிறது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்கள் பெரியவர்களுடன் உட்கார்ந்து பார்க்கலாம். கொலை செய்தவர் சுகமாக வாழ்ந்தார் என்று ஒரு கதையும் சொல்லவில்லை. கொலை செய்த நிமிடத்திலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. கதவு தட்டினால் பயம். மரியாதையாகப் பேசினால் அதைவிடப் பயம்.

முதல் வரிசையின் கடைசிக் கதையில் கொலையாளி யார் என்றால், ஒரு மூத்த போலீஸ் அதிகாரி! புன்டா சுகவாரா நடித்தார். ரவுடிக் கூட்டப் படங்களில் புகழ் பெற்றவர். தன் உறவைப் பறிகொடுத்தவர், சட்டம் விட்டுவிட்ட ஒருவனைத் தானே தண்டித்து விடுகிறார். புருஹாடாவுக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. மதிப்பு இருந்தும் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்தச் சின்ன சந்தேகத்தைக் கேட்டே ஆக வேண்டும். வேண்டியவர் என்று விட்டுவிட்டால், நேற்று வரை பிடித்தவர்களுக்கு என்ன பதில்? இருவரும் குரலை உயர்த்தாமல் பேசுகிறார்கள். பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

எப்படிப் பார்ப்பது?

முதல் வரிசையின் முதல் கதையிலிருந்து தொடங்குங்கள். ஒரு கதை சுமார் முக்கால் மணி நேரம். ஒவ்வொன்றும் தனிக் கதை. எனவே நடுவில் இரண்டு நாள் விட்டாலும் நூல் அறுந்து போகாது. டி.வி.டி. தட்டுகளாகவும் வந்திருக்கிறது. பேச்சு ஜப்பான் மொழி. எழுத்து வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு, வீட்டில் படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து சொன்னால் போதும். கொலையாளியின் முகமும் புருஹாடாவின் விரலும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. விளக்கு அணைந்து புருஹாடா நம் பக்கம் திரும்பும்போது, படத்தை நிறுத்தி விடுங்கள். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு காகிதத்தில் விடையை எழுதுங்கள். பாட்டி சொல்லட்டும், யாராவது எழுதிக் கொடுக்கலாம். மடித்து வையுங்கள். பிறகு படத்தை ஓட விடுங்கள்.

வெள்ளைக் காகிதத்தை மட்டும் யாரும் மடித்து வைக்கக் கூடாது!